நம்ம பயிர்

என் கடைக்குள் நுழைந்து, என்னையே "வாங்க மேடம், உட்காருங்க, என்ன சாப்பிடறீங்க?" என்று உபசரித்த ஒரே மனிதர் அவர்தான்.

திருக்கழுக்குன்றம் பஸ் நிலையத்துக்கு அடுத்த தெருவில் நான் இ-சேவை மையம் நடத்துகிறேன். பட்டா நகல், வருமானச் சான்று, ஆதாரில் பிறந்த தேதி திருத்தம் என்று வருகிறவர்களுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் ஒரு கம்ப்யூட்டரோடு உட்கார்ந்துகொண்டு, இரண்டு பக்கத்துத் திட்டையும் வாங்கிக் கட்டிக்கொள்கிற தொழில். அந்த இடத்துக்கு ஒருவர் வெள்ளைச் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, பளபளக்கும் ஷூவோடு வந்து, வாசலில் கொஞ்சம் குனிந்து சிரித்து வரவேற்றால் என்ன செய்வது? நான் எழுந்து நின்றுவிட்டேன். என் நாற்காலியில் நான் மறுபடி உட்கார அவர்தான் கை காட்டினார்.

மாமல்லபுரத்தில் கடலோரமாக இருந்த ஒரு ஹோட்டலில், ரிசப்ஷனில் நின்று நின்றே ரிட்டயர் ஆனவர். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. தன் பெயரை அச்சில் பார்த்தால் கையில் அகப்பட்ட பிரதியையெல்லாம் வாங்கி ஊர் முழுக்கக் கொடுத்திருப்பார். அந்தச் சந்தோஷத்தை அவருக்குக் கொடுக்கக் கூடாது என்று எனக்கு ஒரு சின்ன வீம்பு. எங்களுக்கெல்லாம் அவர் 'சார்', அவ்வளவுதான்.

சாரிடம் ஒரு சொல் இருந்தது: 'நம்ம'. கண்ணில் பட்டதையெல்லாம் அந்தச் சொல்லுக்குள் இழுத்துப் போட்டுக்கொள்வார். ஹோட்டலில் வேலை பார்த்த காலத்தில் அலை அதிகமாக இருந்தால் விருந்தாளிகளிடம், "நம்ம கடல் இன்னைக்கு கொஞ்சம் மூடு சரியில்ல சார், கால் நனைக்கிறதோட நிறுத்திக்குங்க" என்பாராம். கடற்கரைக் கோயிலைப் பற்றிப் பேசினால், ஏதோ அவர் வீட்டுப் பெரியவர்கள் கொத்தனாரை வைத்துக் கட்டியது மாதிரிதான் இருக்கும். எங்கள் ஊர் மலைக்கு வருகிறவர்கள் கழுகு எங்கே என்று வானத்தைப் பார்த்தால் இவர் பக்கத்தில் போய் நிற்பார். "நம்ம கழுகுங்க ரெண்டும் இப்பல்லாம் வர்றதில்லைங்க. ரொம்ப சாரி" என்று தலையைக் குனிந்துகொள்வார். கழுகு வராததற்கு மன்னிப்புக் கேட்ட ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

'நம்ம ஹோட்டல்' மட்டும் கடைசியில் அவரைக் கைவிட்டது. முதலாளி மாறினார், ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பென்ஷனும் கிடையாது. அதற்குப் பிறகு 'நம்ம' என்று சொல்ல அவருக்கு நல்லதாக ஒன்று தேவைப்பட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் அரசாங்கம், நிலம் வைத்திருக்கும் விவசாயிகளின் வங்கிக் கணக்கில் உதவித்தொகை போட ஆரம்பித்தது.

சாருக்கு நிலம் இருந்தது. மதுராந்தகம் போகிற வழியில், ஏரிக்குக் கீழே, அப்பா வழியில் வந்த கழனி. அதில் அவர் கால் வைத்ததில்லை. வாய்ப் பேச்சில் எஸ்தர் அக்காவிடம் குத்தகைக்கு விட்டிருந்தார். எஸ்தர் அக்காவின் மாமனார் காலம் வரை அந்த வீட்டில் எல்லோரும் அடுத்தவர் கழனியில் கூலி வேலைதான். இப்போது வீட்டுக்காரர் மாமல்லபுரத்தில் கட்டட வேலைக்குப் போகிறார், அக்கா மட்டும் விடாப்பிடியாகப் பயிர் வைக்கிறாள். உழவு, விதை, உரம் எல்லாம் அவள் செலவு. அறுவடை முடிந்தால் பேசினபடி சார் வீட்டில் நெல் மூட்டை இறங்கும்.

உதவித்தொகைக்குப் பதிவு செய்ய சார் வந்த அன்று எஸ்தர் அக்காவும் ரேஷன் அட்டைக்குக் கைரேகை வைக்க வந்திருந்தாள். சார் ஆள்காட்டி விரலை நீட்டினார். பூப்போல விரல். கருவியில் பட்டதும் பச்சை விளக்கு எரிந்தது. "வெல்கம்னு சொல்லுது மேடம்" என்றார். அடுத்து அக்கா வைத்தாள். கருவி சிவப்பைக் காட்டியது. துடைத்து வைத்தாள், எண்ணெய் தடவி வைத்தாள், வேறு விரல் வைத்தாள். களை பிடுங்கிப் பிடுங்கி ரேகையெல்லாம் தேய்ந்துபோயிருந்தது.

"இன்னா தங்கச்சி, என்னிய யாருன்னே தெரியலங்குதா உன் மிசினு?" என்று சிரித்தாள். பிறகு சாரின் காகிதங்களை எட்டிப் பார்த்தாள். "விவசாயிங்களுக்கு துட்டு போடறாங்களாமே, எனக்கும் ஒண்ணு போட்டு வுடேன்."

"பட்டா உங்க பேர்ல இல்லியேக்கா" என்றேன்.

"பயிரு என்னுதுதான?"

"பயிரைக் கேக்க மாட்டாங்க. பட்டாவத்தான் கேப்பாங்க."

"அப்ப நான் இன்னாவாம்?"

நான் வாய் திறக்குமுன் சார் முந்திக்கொண்டார். "இவங்க நம்ம ஆள் மேடம்" என்று என்னிடம் அறிமுகம் செய்துவைத்தார். எனக்கு அவளைப் பதினைந்து வருடமாகத் தெரியும்.

முதல் தவணை வந்ததும் சார் வேறு ஆளாகிவிட்டார். செல்போனில் வந்த குறுஞ்செய்தியில் 'விவசாயி' என்று இருந்ததாம். அதை வெற்றிலைக் கடை, சலூன், என் கடை என்று எல்லா இடத்திலும் காட்டினார். மறுநாள் வெள்ளைச் சட்டைக்கு மேல் தோளில் பச்சைத் துண்டு ஏறியது. பெல்ட், ஷூ, பச்சைத் துண்டு. அந்த வேஷத்தில் எங்கள் ஊரில் அவருக்கு முன்னும் யாரும் இல்லை, பின்னும் யாரும் இல்லை.

செங்கல்பட்டில் கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கும் போனார். திரும்பி வந்து அவரே பெருமையாகச் சொன்னதைத்தான் சொல்கிறேன். முன் வரிசையில் உட்கார்ந்தாராம். ஏரி மடை, யூரியா தட்டுப்பாடு என்று மற்றவர்கள் கத்தி முடித்த பிறகு மைக்கை வாங்கி, கூட்டத்தில் கொடுக்கிற டீ ஆறிப்போயிருக்கிறது, கப் சுத்தமாக இல்லை, வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்க ஓர் ஆள் போட வேண்டும் என்று மூன்று கோரிக்கை வைத்தாராம். ஓர் அதிகாரி, "ஐயா, உங்க பயிருக்கு மேலுரம் என்ன போட்டீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"என்ன சார் சொன்னீங்க?" என்று நான் ஆவலாகக் கேட்டேன்.

"நம்ம பயிருக்கு எல்லாமே ஃப்ரெஷ்ஷா போடறோம் சார்னு சொன்னேன் மேடம். கூட்டமே சிரிச்சு, கை தட்டிட்டாங்க."

நான் பிரிண்டர் பக்கம் திரும்பி, இல்லாத காகிதத்தைத் தேடினேன்.

அதன் பிறகு தினம் காலையில் நாஸ்தா முடித்துவிட்டு, மொபெட்டில் கழனிக்குப் போவது அவர் உத்தியோகம் ஆகிவிட்டது. உள்ளே இறங்க மாட்டார். ஷூ கெட்டுவிடும். தார் ரோட்டில் குடை பிடித்து நின்றுகொண்டு, நடவு நடும் பெண்களைப் பார்த்து "குட் மார்னிங்" என்பார். எஸ்தர் அக்கா நிமிராமலே, "மொதலாளி வந்துகீறாரு, நாத்துங்களா, எல்லாம் எழுந்து நில்லுங்க" என்பாள். பெண்கள் சிரிப்பார்கள். சார் அதையும் மரியாதை என்று எடுத்துக்கொண்டு கையசைப்பார்.

ஒருமுறை பசேலென்று செழித்து நின்ற இடமாகப் பார்த்து ஒரு போட்டோ எடுத்தார். 'நம்ம பயிர்' என்று எழுதி, தெரிந்த எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அவருடைய பழைய வெள்ளைக்கார விருந்தாளி ஒருவர்கூட 'பியூட்டிஃபுல்' என்று பதில் போட்டிருந்தாராம். அந்தப் படத்தை என் செல்போனில் எஸ்தர் அக்காவுக்குக் காட்டினேன். கிட்டே வைத்துப் பார்த்தாள், எட்ட வைத்துப் பார்த்தாள்.

"அடக் கடவுளே, இது கோரை தங்கச்சி. இதப் புடுங்கப் புடுங்கத்தான் என் இடுப்பு போவுது. இத்தப் போயி போட்டா புடிச்சிகினு கீறாரே மனுசன்!"

மறுநாள் அவள் அந்தக் கோரையைப் பிடுங்கிவிட்டாள். சார் நேரே என்னிடம் வந்து, "இருந்ததிலேயே நல்ல பயிரை நம்ம ஆள் பிடுங்கிட்டாங்க மேடம்" என்று வருத்தப்பட்டார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. அவ்வளவு ஆசையாக அதைப் பார்த்திருக்கிறார்.

அந்த வருடம் கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி, கலங்கல் வழிந்து, கீழே இருந்த கழனியெல்லாம் ஒரே வெள்ளம். எஸ்தர் அக்காவின் பயிர் கதிர் முற்றி நின்ற நேரம். தண்ணீர் வடிந்தபோது எல்லாம் சேற்றில் படுத்திருந்தது. கதிரிலேயே நெல் முளைத்துவிட்டது. அக்கா கம்மலை அடகு வைத்து உரம் வாங்கியிருந்தாள். கடைக்கு வந்தவள் எப்போதும்போல் சிரிக்கவில்லை. காதில் ஈர்க்குச்சி செருகியிருந்தது. "எல்லாம் பூட்ச்சி தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

பயிர்ச் சேதத்துக்கு நிவாரணம் உண்டு என்று அறிவிப்பு வந்தது. வி.ஏ.ஓ. நேரில் வந்து பார்த்து, யார் பயிர் என்று எழுதிக்கொண்டு போவார், எழுதின பெயருக்குப் பணம் வரும். நிலத்துக்காரர் வாயைத் திறக்காவிட்டால் பட்டாவில் இருக்கிற பெயரையே எழுதிவிடுவது வழக்கம். சார் ஒரு வார்த்தை சொன்னால் அக்காவுக்குக் கம்மல் திரும்பும், அடுத்த போகத்துக்கு விதை வாங்கலாம். சொல்லாவிட்டால் அவளும் கட்டட வேலைக்குப் போக வேண்டியதுதான்.

வி.ஏ.ஓ. வருவதற்கு முதல்நாள் சார் என் கடைக்கு வந்தார். வரவேற்கவில்லை, காதில் போனோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். செங்கல்பட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் அவர் மகன் போனில் கத்திக்கொண்டிருந்தான். எனக்கே கேட்டது. "இன்னாப்பா நீ, வெவரம் புரியாம பேசிகினு? அந்தம்மா பேரு ஒரு தபா ரெக்கார்டுல ஏறிச்சின்னா அப்பறம் ஆளக் கெளப்பவே முடியாது. நெலத்த மறந்துட வேண்டிதான். நீ சும்மா நில்லு, அது போதும்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நிஜமா மேடம்? பேரு எழுதினா நிலம் போயிடுமா?"

"நெலம் எங்கயும் போவாது சார். உங்க பேர்லதான் இருக்கும். ஆனா அவங்க பயிர் வெக்கறாங்கன்னு பதிவாயிட்டா, நெனச்ச நேரத்துக்கு வெளிய போன்னு சொல்ல முடியாது. சட்டம் அப்டி."

பச்சைத் துண்டைச் சரிசெய்துகொண்டார். "அதாவது, கெஸ்ட் ரூமைக் காலி பண்ண மாட்டாங்க."

"யாரு சார் கெஸ்ட்?" என்று கேட்டேன். கொஞ்சம் சூடாகத்தான் கேட்டேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அக்காவின் ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் நகல் எடுத்துக்கொண்டு நானும் கழனிக்குப் போனேன். அக்கா தனியாகப் போக வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. வரப்பில் வி.ஏ.ஓ. நின்றிருந்தார். சின்ன வயது, புதிதாக வேலைக்கு வந்தவர், பேன்ட்டை முழங்கால் வரை மடித்திருந்தார். சார் ரோட்டின் மேலே, குடையோடு, பச்சைத் துண்டோடு.

வி.ஏ.ஓ. பேப்பரைப் புரட்டிவிட்டு, எங்களைப் பொதுவாகப் பார்த்துக் கேட்டார்: "யாருதுங்க இந்தப் பயிரு?"

அக்கா சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம..." என்று ரோட்டிலிருந்து குரல் வந்தது. பழக்க தோஷம்.

ஆனால் அதற்கு மேல் போகவில்லை. எப்போதும் கடலையும் கோயிலையும் கழுகையும் அலட்சியமாக இழுத்து வரும் அந்தச் சொல், முளைவிட்டுக் கிடந்த அந்தக் கதிர்களை மட்டும் இழுக்க முடியாமல் நின்றது. சார் குடையை மடக்கினார். ரோட்டிலிருந்து வரப்பில் இறங்கினார். இரண்டு அடியில் ஒரு ஷூ சேற்றில் மாட்டிக்கொண்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாக வந்து சேர்ந்தார். ஹோட்டலில் யாரையோ அறிமுகம் செய்துவைப்பது மாதிரி கையை நீட்டினார்.

"இவங்க எஸ்தர் அம்மா. பயிர் இவங்களோடது."

அவர் அவள் பெயரைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

வி.ஏ.ஓ. பச்சைத் துண்டைப் பார்த்தார். "நீங்க யாரு சார்?"

"நிலம் என் பேர்ல இருக்கு. சும்மா வந்து பாத்துட்டுப் போவேன்."

எஸ்தர் அக்கா அப்போதுதான் நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது, ஆனாலும் வாய் அவள் வாய்தானே. "அத்தயும் எழுதிக்கோ சார். மழயோ வெயிலோ, தெனம் வந்து பாக்கறாரு. என் வூட்டுக்காருகூட இத்தினி தபா எட்டிப் பாத்ததில்ல."

சார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு நாங்கள் மூன்று பேரும் ஷூவைத் தேடினோம்.

நிவாரணம் அக்காவின் கணக்குக்கு வந்தது. கம்மல் காதுக்குத் திரும்பியது. மகன் கொஞ்ச காலம் அப்பாவோடு பேசவில்லை. இதெல்லாம் நடந்ததால் சார் திருந்தி மகான் ஆகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். பச்சைத் துண்டைக் கழற்றவே இல்லை. உதவித்தொகைத் தவணையையும் விடவில்லை. "அரசாங்கமா பாத்து மரியாதையா குடுக்குது மேடம். வேணாம்னா நல்லா இருக்காது" என்பார். ஆனால் தவணை வரும்போதெல்லாம் எஸ்தர் அக்கா வீட்டு வாசலில் ஓர் உர மூட்டை இறங்கும். ஏன் சார் என்று கேட்டால், ஹோட்டலில் விருந்தாளிக்கு இலவசமாகக் கொடுக்கும் காலைச் சாப்பாட்டுக்குச் சொல்கிற வார்த்தையைச் சொல்வார்: "காம்ப்ளிமென்டரி."

எஸ்தர் அக்காவுக்கு அது பெரிய குழப்பம். என்னிடம் வந்து கேட்டாள். "மூட்டைல காம்ப்ளக்சுன்னு போட்டுகீது. அவரு காம்ப்ளிமென்ட்டுங்கறாரு. ரெண்டும் ஒண்ணுதானா, இல்ல கம்பெனி வேறயா? பயிருக்கு எத மொதல்ல போடறது?"

சார் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஒரு காலையில் கழனிக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அடக்கத்துக்கு எஸ்தர் அக்கா ஒரு பிடி நெற்கதிர் கொண்டுவந்து காலடியில் வைத்தாள். யாரும் அழுகையை அடக்கவில்லை, நானும்தான். இன்றைக்கும் யாராவது கடைக்குள் வந்து சும்மா நின்றால், "வாங்க, உட்காருங்க" என்று நானே சொல்கிறேன். அது அவர் குரலில்தான் வருகிறது.

போன மாதம் மகன் வந்தான். பட்டா அவன் பெயருக்கு மாறிவிட்டது, வாரிசு என்ற முறையில் உதவித்தொகைக்குப் பதிய வேண்டும். பதிந்து கொடுத்தேன். என் வேலை அது. விரல் வைத்தான், உடனே எடுத்துக்கொண்டது. கிளம்பாமல் நின்றான்.

"அக்கா, பயிர் வெக்கறவங்கன்னு ரெக்கார்டுல அந்தம்மா பேரு இருக்குது. எங்கப்பா பண்ண வேல. அத எதுவும் மாத்த முடியாதில்ல?"

"முடியாது தம்பி."

பெருமூச்சு விட்டான். கோபம்கூட இல்லை, ஏதோ பழைய பாக்கியை ஒப்புக்கொள்கிற மாதிரி இருந்தது. வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தான். கொஞ்சம் கூச்சத்தோடு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அக்கா, நெலம் எங்கதான் கீது? ரோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? நான் ஒரு தபாகூட போனதில்ல."

அரசாங்கக் கணக்கில் ஐந்து நிமிடத்துக்கு முன் விவசாயி ஆன பையன். எனக்குச் சிரிப்பதா, திட்டுவதா என்று தெரியவில்லை.

"எஸ்தர் அக்காவக் கேளு, இட்டுகினு போயி காட்டுவாங்க" என்றேன். "அவங்க முன்ன போவட்டும், நீ பின்னாலயே போ. பாத்து நடப்பா, பயிர மிதிச்சிடாத."